ஊர்ப் பள்ளியிலிருந்து சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் வரை: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுக்குமேல் சிங்கப்பூருக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஆங்கிலமும் கணிதமும் சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. வகுப்பு முடிந்ததும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அங்கே நின்றபடி நிதானமாக விடை சொல்ல நேரம் போதுவதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டணத் தொகைகளும் விண்ணப்ப நாள்களும் ஆண்டுதோறும் மாறுகின்றன. அவற்றை மட்டும் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே வேலை செய்கிறேன். என் பிள்ளையை அழைத்துவந்து படிக்கவைக்க முடியுமா?

உங்கள் கையில் இருக்கும் அட்டையைப் பொறுத்தது. வொர்க் பர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைத் தம்முடன் அழைத்துவர முடியாது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் நம் ஆட்களில் மிகப் பலர் இந்த அனுமதியில்தான் இருக்கிறார்கள். ஆகவே முகவர் யாராவது வேறு மாதிரி ஆசைகாட்டினால் நம்பாதீர்கள். திறன்பெற்ற ஊழியர்களுக்கான எஸ் பாஸ் அல்லது உயர்பதவி ஊழியர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவருக்கு நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால், 21 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளைக்குச் சார்ந்திருப்போர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசியாகிவிட்ட குடும்பங்களின் நிலை வேறு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

வொர்க் பர்மிட் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஊரிலேயே பிளஸ் டூ முடித்துவிட்டு, நேரடியாக இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்தக் கல்வி வாரியத்தின் மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சேர்க்கைப் பக்கத்தில் தனித்தனியாகச் சொல்கிறது. ஒன்றின் விதியை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

அழைத்துவர முடியும். ஆனால் அழைத்துவருவதா, ஊரிலேயே விடுவதா?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். பல குடும்பங்கள் இதை விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்த மாதத்தில் முடிவு செய்துவிடுகின்றன என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஊரில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024இல் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே உதவி வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைக் கூட்டிவந்து, இங்கே பள்ளியில் இடம் கிடைக்காமல், ஓர் ஆண்டு கழித்துத் திருப்பி அனுப்பினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. பிள்ளைக்கு இங்கும் பள்ளி இல்லை, அங்கும் சலுகை இல்லை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பத்து வயதுக்கு முன் அழைத்துவாருங்கள். இல்லாவிட்டால் பிளஸ் டூ முடியும்வரை ஊரில் இருக்கட்டும். பதினான்கு, பதினைந்து வயதில் அழைத்துவருவதுதான் பிள்ளையை மிகவும் வதைக்கிறது. குடும்பச் சூழல் காரணமாக அந்த வயதில்தான் வர முடியும் என்றால், வருவதற்கு ஓர் ஆண்டு முன்பே ஆங்கிலப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

பள்ளியில் எப்படிச் சேர்ப்பது?

நிரந்தரவாசியும் குடிமகனும் அல்லாத பிள்ளை, ஏஇஐஎஸ் எனப்படும் அனைத்துலக மாணவர் சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும். ஆங்கிலம், கணிதம் என்று இரண்டே பாடங்கள். இதன்மூலம் தொடக்கநிலை 2 முதல் 5 வரையும் உயர்நிலை 1 முதல் 3 வரையும் சேரலாம். தொடக்கநிலை 6க்கும் உயர்நிலை 4க்கும் சேர்க்கை கிடையாது. தேறினாலும், வகுப்பில் காலி இடம் இருந்தால்தான் பள்ளி கிடைக்கும். ஊரில் எட்டாவது முடித்தவன் இங்கே அதற்கும் கீழான வகுப்பில் உட்கார நேர்ந்தால், உறவினர்கள் அதைத் தோல்வி என்று பேசாமல் இருந்தால் போதும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஓர் ஆண்டு ஆங்கிலத்துக்கு உரம்.

கட்டண வேறுபாட்டையும் முன்னதாகவே அறிந்துகொள்ளுங்கள். அரசு உயர்நிலைப் பள்ளியில் குடிமக்களின் பள்ளிக் கட்டணம் மாதம் 5 வெள்ளி. வெளிநாட்டு மாணவரின் மாதக் கட்டணம் அதைப்போல் பல நூறு மடங்கு. மூன்று, நான்கு ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

விரைவுநிலை, வழக்கநிலை என்கிறார்களே, எதில் போடுவார்கள்?

மதிப்பெண்ணை வைத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்த அந்தப் பிரிவுகள் இப்போது இல்லை. 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்கள் முதல், ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் (ஜி3தான் கடினமானது) தனித்தனியாகப் படிக்கலாம். 2027 முதல் உயர்நிலைப் படிப்பின் முடிவில் எழுதும் சாதாரண நிலை (ஓ லெவல்), வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ்தான். கணிதத்தில் வலுவாகவும் ஆங்கிலத்தில் தடுமாறியும் வருகிற நம் பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்றம். ஒரு பாடத்தின் பலவீனம் மற்ற எல்லாப் பாடங்களையும் முன்போல் கீழே இழுப்பதில்லை.

சேர்க்கைத் தேர்வில் தேறவில்லை. தனியார் பள்ளியில் போடலாமா?

போடலாம், விசாரித்துவிட்டு. அந்த நிலையம் அரசாங்கத்தின் தனியார் கல்விப் பதிவில் இருக்கிறதா, எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் பெற்றதா என்று முதலில் பாருங்கள். அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வில் என்ன வாங்கினார்கள் என்று நேரில் கேளுங்கள். விடை மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டவேண்டாம்.

ஊரில் முதல் மதிப்பெண் வாங்கியவள், இங்கே கணக்கில்கூடத் தோற்கிறாள். ஏன்?

கணக்கு அவளுக்கு மறந்துவிடவில்லை. இங்கே கணக்கு, நான்கு வரிக் கதையாக ஆங்கிலத்தில் வருகிறது. யாரிடம் எவ்வளவு இருந்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தார், மிச்சம் எந்த விகிதத்தில் என்று வாசித்துப் புரிந்துகொண்டு, அதை நீள்சதுரப் பட்டைகளாக வரைந்து விடை காண்கிறார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இந்தப் பட்டை வரையும் முறையைத் தொடக்கப்பள்ளியிலேயே பழகிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வரும் பிள்ளை அதைப் பார்த்ததே இல்லை. ஒரு பருவம் முழுக்க யாராவது உடன் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் முதலில் தமிழில் சொல்லவைத்து, பிறகு பட்டை வரையவைத்து, கடைசியில் ஆங்கிலத்தில் வாசிக்கவைத்தால் மதிப்பெண் ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் அத்தனை விரைவில் வராது. வாய்மொழித் தேர்வில் நம் பிள்ளைகள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். விடை தெரிந்திருந்தும் வாயைத் திறக்க மாட்டார்கள். உச்சரிப்பைக் கேட்டு ஒருமுறை வகுப்பில் யாராவது சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை பல மாதங்களுக்குப் பேசாது. இதற்கு நான் கண்ட நல்ல மருந்து இணைப்பாட நடவடிக்கை. தேசிய மாணவர் காவல்படை, சாரணர், காற்பந்து என்று எதிலாவது சேர்த்துவிடுங்கள். அங்கே ஆங்கிலம் பேசாமல் இருக்க முடியாது; தவறாகப் பேசினாலும் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. துணைப்பாட வகுப்புக்கு நேரமில்லை என்று பெற்றோர் முதலில் நிறுத்துவது இதைத்தான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடவா?

வேண்டாம். வீட்டில் தெரியாத ஆங்கிலத்தில் பேசுவதைவிட, தெரிந்த தமிழில் உலக விஷயங்களைப் பேசுவதே சிந்தனைக்கு நல்லது. படிப்பு வகையிலும் தமிழ் உங்கள் பிள்ளையின் மிகப் பெரிய சொத்து. தாய்மொழிப் பாடமாகத் தமிழை எடுத்து நல்ல தரம் வாங்கலாம், உயர்தமிழும் எடுக்கலாம். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டால் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் படிக்கலாம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் நம் கதையே இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே பிழைத்தவர்கள், கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற தங்கள் ஊர்ச் சங்கத்தின் வழியாக 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மாணவர்கள் குறைந்துபோய் 1982இல் பள்ளி மூடப்பட்டாலும், பெயர் இன்று அந்த மொழி நிலையத்தில் வாழ்கிறது. தங்களுக்குப் படிப்பு வாய்க்காத மனிதர்கள் ஒரு பள்ளியையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

தமிழையே பல்கலைக்கழகப் படிப்பாக எடுக்கவும் வழியுண்டு. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் தமிழ் மொழி, இலக்கியத்தில் பட்டம் தருகிறது. தமிழாசிரியர் பணிக்குப் போக விரும்புவோர் தேசியக் கல்விக் கழகத்தின் பயிற்சியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

சமூக உதவி என்கிறீர்கள். எங்கே போய்க் கேட்பது?

முதலில் சிண்டா. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991இல் தொடங்கப்பட்டது. அலுவலகம் பீட்டி சாலையில் இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இந்திய வம்சாவளியினராகிய குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் ஆகியோரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை, வருமானத்துக்கு ஏற்ப, சிண்டா நிதிக்குப் போகிறது. அந்தப் பணத்தில் நடப்பவைதான் ஸ்டெப் என்ற துணைப்பாட வகுப்புகளும் குடும்பச் சேவைகளும் நிதியுதவியும். வகுப்புகள் தீவு முழுக்க நடக்கின்றன, கட்டணம் வெளிச்சந்தையைவிட மிகக் குறைவு. சிண்டா, மலாய்-முஸ்லிம் சமூகத்தின் மெண்டாக்கி, சீனர் மேம்பாட்டு உதவி மன்றம், யூரேஷியர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தும் கூட்டுத் துணைப்பாட வகுப்பும் உண்டு. உங்கள் வீட்டருகே எது இருக்கிறதோ அதில் சேருங்கள்.

அடுத்தது, பிள்ளையின் தமிழாசிரியர். இதை நான் அடித்துச் சொல்கிறேன். உங்களுக்கு ஆங்கிலம் வராது என்றால் பள்ளியில் உங்கள் மொழியில் பேசக்கூடிய ஒரே மனிதர் அவராக இருக்கலாம். எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது, எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெற்றோர் சந்திப்புக்கு வேலை காரணமாகப் போக முடியாவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யுங்கள்.

பிறகு, கோயில்களும் பள்ளிவாசல்களும் ஊர்ச் சங்கங்களும். அவற்றில் பல ஆண்டுக்கு ஒருமுறை கல்வி உதவித்தொகை தருகின்றன. சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறக்கட்டளை போன்ற அமைப்புகள் உயர்கல்விக்கென்றே உதவுகின்றன. அறிவிப்பு பெரும்பாலும் தமிழ் முரசிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் வரும். பார்த்த நாளே விண்ணப்பியுங்கள்.

இப்படிச் சேர்ந்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திருவாரூரிலிருந்து 1924இல் இளைஞராக இங்கே வந்த கோ. சாரங்கபாணி, தமிழ் முரசு நாளிதழை நடத்தியவர், 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் வேண்டும் என்பதற்காக. கூலி வேலை செய்தவர்களும் அதற்கு ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அன்று பல்கலைக்கழக வாசலை மிதித்திருப்பார்கள்? இந்த வரலாற்றை எங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன்.

நாங்கள் நிரந்தரவாசிகள் அல்லர். எங்களுக்கு எதுவுமே கிடையாதா?

அரசாங்க நிதியுதவி பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். சிண்டா வகுப்புகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்துகொண்டு சந்தா செலுத்தும் பெற்றோர் இதைக் கேட்டு முகம் சுருக்குவதைப் பார்க்கிறேன். அந்த வருத்தம் நியாயமானது.

ஆனாலும் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க எந்த அட்டையும் தேவையில்லை. ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நான்கு பேர் தங்கும் குடும்பத்துக்கு, குளிரூட்டிய அமைதியான மேசை எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லவேண்டியதில்லை. எங்களைப் போன்ற சிறு தொண்டூழியக் குழுக்களில் பல, கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒரே பிள்ளைக்கு, இரண்டு ஆண்டுகள் விடாமல் கற்றுக்கொடுக்கும் ஒரு அக்காவோ அண்ணனோ கிடைத்துவிட்டால், அதற்கு ஈடான உதவித்தொகை எதுவும் இல்லை என்பதே என் அனுபவம். பணம் ஒரு மாதத்துச் சிக்கலைத் தீர்க்கிறது. உடன் உட்கார்பவர் பிள்ளையின் பயத்தைப் போக்குகிறார்.

கையேந்தக் கூச்சமாக இருக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?

இந்தக் கூச்சத்தால் கெட்ட படிப்புகள் பல. ஊரில் சிங்கப்பூர்க்காரர் என்ற பெயர். இங்கே வாடகைக்கும் கடனுக்கும் போனது போக மிஞ்சுவது சொற்பம். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையின் துணைப்பாடத்தை விட்டுக்கொடுத்த தகப்பன்மாரை எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பது நீங்களும் உங்களைப் போன்றவர்களும் மாதாமாதம் போட்டுவைத்த பொதுப் பணம். விண்ணப்பத்தில் எழுதும் வருமான விவரத்தை அக்கம்பக்கத்தாருக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

கேட்கும் காலமும் முக்கியம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அழுதுகொண்டு வருபவர்களுக்கு எங்களால் ஆறுதல்தான் சொல்ல முடிகிறது. உயர்நிலை 1இல், முதல் அரையாண்டு மதிப்பெண் வந்த வாரமே வாருங்கள்.

உயர்நிலைக்குப் பிறகு எது நல்லது? தொடக்கக்கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா?

தொடக்கக்கல்லூரி, ஊரில் பிளஸ் டூ போல, இரண்டு ஆண்டுகள். முடிவில் ஒரே பெரிய தேர்வு. கட்டுரை எழுதும் ஆங்கிலம் மிகுதியாகத் தேவைப்படும். பலதுறைத் தொழிற்கல்லூரி, அதாவது பாலிடெக்னிக், மூன்று ஆண்டுகள்; முடிவில் பட்டயம். ஐந்து கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் செயல்திட்டம், சோதனை, படைப்பு என்று மதிப்பெண் சேர்ந்துகொண்டே போகும். தாமதமாக ஆங்கிலத்துக்குள் வந்த பிள்ளைக்கு இரண்டாவதே பொருந்துகிறது என்பது என் எண்ணம். மதிப்பெண் உயர்வாகவும் வாசிப்பு ஆழமாகவும் இருந்தால் தொடக்கக்கல்லூரிக்குத் தாராளமாக அனுப்புங்கள்.

தொழில்நுட்பக் கல்விக் கழகம் என்றதும் முகம் வாடும் பெற்றோருக்காக இதைச் சேர்க்கிறேன். அங்கிருந்து உயர் நைட்டெக் என்ற தொழிற்கல்விச் சான்றிதழ், அதிலிருந்து பட்டயம், அதிலிருந்து பட்டம் என்று ஏறியவர்கள் நம்மிடையே நிறைய. கூடுதலாகச் சில ஆண்டுகள் ஆகும். கையால் செய்து கற்கும் பிள்ளைகள் அங்கேதான் முதல்முறையாகத் தன்னம்பிக்கை பெறுகிறார்கள்.

அரசாங்க ஆதரவுள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். பட்டயம் முடித்தவர்களை மனத்தில் வைத்துப் படிப்புகளை அமைத்திருப்பது சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம். பொங்கோலில் அதன் புதிய வளாகம் இருக்கிறது. படிப்பின் நடுவே நீண்ட வேலைப் பயிற்சியும் உண்டு. முதல் இரண்டு பெயர்களை மட்டுமே ஊருக்குச் சொல்லப் பெருமையானவை என்று நினைத்து மற்றவற்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

மகனுக்கு நிரந்தரவாசத் தகுதி வாங்கினால் தேசிய சேவை செய்யவேண்டுமா?

ஆம். பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான மகன் பதினாறரை வயதில் பதிவு செய்து, 18 வயதில், ராணுவம், காவல்துறை, குடிமைத் தற்காப்பு ஆகியவற்றில் ஒன்றில் செய்யும் கட்டாயச் சேவையான தேசிய சேவைக்குப் போக வேண்டும். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். தொடக்கக்கல்லூரி அல்லது பட்டயப் படிப்பை முடிக்கும்வரை தள்ளிவைக்க அனுமதி கிடைக்கும்; பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தள்ளிவைக்க முடியாது. கிடைத்த இடத்தைப் பல்கலைக்கழகம் சேவை முடியும்வரை வைத்திருக்கும். சேவைக்கு முன் நிரந்தரவாசத்தைத் துறந்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள், பின்னாளில் அந்தப் பையன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. விண்ணப்பிக்கும் முன் மகனிடம் பேசுங்கள். அவன் வாழ்க்கையின் இரண்டு ஆண்டுகள் அவை.

பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு எங்கே போவது?

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். வரிசையாகப் பாருங்கள்.

கல்விக் கட்டண மானியம் முதலில். குடிமக்களுக்கு அது தானாகவே உண்டு. மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் மானியம் பெற்றால், பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். அதை மீறினால் இழப்பீடு கட்ட நேரும், ஆகவே கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படியுங்கள். இங்கேயே வாழ நினைக்கும் குடும்பத்துக்கு இந்த ஒப்பந்தம் பாரமில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கடுத்துக் கல்விக் கட்டணக் கடன். மானியம் போகக் குடிமக்கள் கட்டும் கட்டணத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்தபின்தான் வட்டி தொடங்கும். ஆனால் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். கடன் கிடைக்க வழி இருந்தும் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சித்தப்பாவோ குடும்ப நண்பரோ சம்மதிப்பாரா என்று கடைசி வாரத்தில் கேட்காமல், விண்ணப்பம் போடும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து எடுத்துக் கட்டும் திட்டமும் இருக்கிறது. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துப் பிள்ளை அந்தப் பணத்தை வட்டியுடன் பெற்றோர் கணக்கில் திருப்பிப் போடத் தொடங்க வேண்டும். உங்கள் முதுமைக்கான பணம் அது, கடைசியாகத் தொடுங்கள். பல்கலைக்கழகங்களின் உதவித்தொகைகளும் வளாக வேலைகளும் தனி. ஒவ்வொன்றின் நிதியுதவி அலுவலகத்துக்கும் நேரில் போய்ப் பேசுவது நல்லது.

மகளை மேற்கொண்டு படிக்கவைக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?

பட்டயம் முடிந்ததும் வேலைக்குப் போகட்டும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ஊரிலிருந்து அப்பத்தா தொலைபேசியில் சொல்வார். நான் அந்தப் பெரியவர்களிடமே பேசியிருக்கிறேன். அவர்களில் பலரின் பயம் படிப்பைப் பற்றியது இல்லை. விடுதியில் தங்குவாளா, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், கடன் யார் தலையில் விழும் என்பவைதான். இவற்றுக்கு நேரான விடை சொல்லுங்கள்: வீட்டிலிருந்தே ரயிலில் போய்வரலாம், கடனை வேலைக்குப் போனபின் அவளே தவணையில் அடைப்பாள். அதே ஊரிலிருந்து வந்து இங்கே படித்து வேலைசெய்யும் ஒரு பெண்ணை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். அந்த ஒரு மதியம் பல வாதங்களை முடித்துவைக்கும்.

நான் விடுதியில் தங்கி வேலை செய்யும் இளைஞன். எனக்கும் படிக்க ஆசை. ஏதாவது வழி?

ஆசைக்கு முதலில் என் வணக்கம். பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு புத்தகத்தைத் திறப்பவர்களை எனக்குத் தெரியும். தொடக்கம் ஆங்கிலமாக இருக்கட்டும். தொழிலாளர்களுக்குத் தொண்டூழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் வகுப்புகளைத் தேடுங்கள். ‘ஆறே மாதத்தில் பட்டயம்’ என்று கையில் துண்டறிக்கை திணிப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டயத்தை எந்த முதலாளி, எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று கேளுங்கள். ஊரில் ஏற்கெனவே பாலிடெக்னிக் படித்தவர் என்றால், சான்றிதழ்களின் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த முகவரிடமும் அசலை ஒப்படைக்கக் கூடாது.

எல்லாம் கூடிவந்தது. ஆனால் பிள்ளை இப்போது பல்கலைக்கழகம் வேண்டாம் என்கிறான்.

ஏன் என்று கேளுங்கள். அப்பா உடம்பு தேயத் தேய உழைப்பதைப் பார்த்து, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று மனத்துக்குள் முடிவெடுத்த பிள்ளையாக இருந்தால், மேலே சொன்ன கடன் விவரங்களை அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பாதிப் பிள்ளைகள் அந்தக் கணக்கைப் பார்த்ததும் மனம் மாறுகிறார்கள். உண்மையிலேயே வேலையில் நாட்டம் என்றால் போகட்டும். பட்டயத்தோடு வேலைக்குப் போனவர், சில ஆண்டுகள் கழித்துப் பகுதிநேரமாகப் பட்டம் படிக்கச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாலை வகுப்புகள் உண்டு. மதிப்பெண் பட்டியல்கள், தேசிய சேவைச் சான்றிதழ், வேலைச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் அவை எல்லாவற்றையும் கேட்பார்கள்.